தங்கவயலில் ஒரு சொல்: விவிலியத் தமிழில் ‘ஜாதி’யும் மனித வேறுபாடும்

1. முன்னுரை

கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில், ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் அணித்தாக அமைந்துள்ள கோலார் தங்கவயல், மொழி ஆய்வாளருக்குப் பல செய்திகளைத் தரும் ஊராகும். மாநில ஆட்சிமொழி கன்னடம். சுற்றியுள்ள சிற்றூர்களில் தெலுங்கு பரவலாக வழங்குகிறது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் மொழி தமிழ். சுரங்க நிருவாகத்தின் மொழியாக நெடுங்காலம் விளங்கியது ஆங்கிலம். இத்தகைய ஊரில் ஒரே வேதபகுதி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பல மொழிகளில் வாசிக்கப்படுவது இயல்பே. அவ்வாறு வாசிக்கப்படும்போது தமிழ் கேட்பவரும் தெலுங்கு கேட்பவரும் ஒரே செய்தியைத்தான் கேட்கின்றனரா என்பது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

உலக மக்கள் அனைவரிடமும் செல்லுமாறு இயேசு சீடர்க்கு இட்ட கட்டளை மத்தேயு நற்செய்தியின் இறுதியில் இடம்பெறுகிறது. அங்கு மக்களைக் குறிக்கத் தெலுங்கு விவிலியம் ‘ஜனுலு’ என்னும் சொல்லை வழங்குகிறது. 1871இல் நிறைவுற்ற தமிழ் விவிலியம் ‘ஜாதிகள்’ என்கிறது. இஸ்ரயேலர் அல்லாதாரைக் குறிக்கத் தெலுங்கு ‘அன்யஜனுலு’ என்றும், தமிழ் ‘புறஜாதியார்’ என்றும் கூறுகின்றன. தமிழ்ப் பேச்சிலும் எழுத்திலும் ‘ஜாதி’ என்பது பிறப்பால் வரும் உயர்வு தாழ்வைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றுவிட்ட நிலையில், இவ்வேறுபாடு சிறிய வேறுபாடு அன்று.

மனித வேறுபாட்டையும் அதன்மீது எழும் தப்பெண்ணத்தையும் கிறித்தவம் எவ்வாறு நோக்குகிறது என்பதை, இந்த ஒரு சொல்லின் வழியே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அதற்குத் தங்கவயலின் வரலாறு களமாகக் கொள்ளப்படுகிறது.

2. தங்கவயலும் அதன் படிநிலைகளும்

கோலார்ப் பகுதியில் பொன் அகழும் முயற்சி மிகப் பழமையானது. எனினும் நவீனச் சுரங்கத் தொழில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் உருப்பெற்றது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் முதலிய சுரங்கங்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. 1891இல் 7,085 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 38,204 ஆக உயர்ந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர மின்நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக மின்சாரம் இங்குக் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டியது.

இத்தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளைச் சேர்ந்த தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட மக்கள். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை அடுத்து வந்த பத்தாண்டுகளில், நிலமற்ற இம்மக்களுக்குப் பண்ணையடிமை முறையிலிருந்து விடுபடும் வழிகளுள் ஒன்றாகச் சுரங்கம் அமைந்தது. ஊரில் சேரி, ஊர் என்ற பிரிவு இருந்தது. அங்கிருந்து கூலியைப் பணமாகப் பெறும் தொழிலுக்கு வந்தது பெரிய மாற்றமே ஆகும்.

ஆயினும் படிநிலை மறைந்துவிடவில்லை. வேறு வடிவம் கொண்டது. மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியர் இருந்தனர். அவர்களுள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழில் வல்லுநர் குறிப்பிடத்தக்கவர். அவர்களை அடுத்து இத்தாலியரும் ஆங்கிலோ-இந்தியரும் இருந்தனர். காவற்பணிக்குப் பஞ்சாபியர் கொண்டுவரப்பட்டனர். பாறையைத் துளைப்பதும் உடைந்த கல்லை வாரி ஏற்றுவதும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் வேலையாயின. அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், தொழிலாளருக்கு ‘லைன்’ எனப்படும் வரிசைக் குடிசைகளும் அமைந்தன. பாறை வெடிப்பு நிகழும்போது ஆழத்தில் இருப்பவர் எவராயினும் இடர் ஒன்றே. எனினும் ஆழத்தில் யார் நெடுநேரம் இருக்க வேண்டும் என்பதைப் பிறப்பும் நிறமும் பெருமளவு முடிவு செய்தன.

1930ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் இதனைத் தெளிவாக்கும். தொழிலாளரைப் பதிவு செய்யும்பொருட்டு அவர்களின் கைரேகையை எடுக்க நிருவாகம் முற்பட்டபோது, தொழிலாளர் திரண்டு எதிர்த்தனர். கைரேகை என்பது குற்றவாளிகளிடம் எடுக்கப்படுவது என்பதே அவர்தம் கருத்து. கைரேகை ஒவ்வொரு மனிதனையும் மற்றவரினின்று வேறுபடுத்தும் இயற்கை அடையாளம். அதே அடையாளம், ஒரு கூட்டத்தார் முழுவதையும் ஐயத்துக்குரியவராக எண்ணும் கருவியாகவும் ஆகக்கூடும். வேறுபாடு வேறு, வேறுபாட்டின்மேல் ஏற்றப்படும் தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே தப்பெண்ணத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் முதற்படியாகும். தங்கவயல் தொழிலாளர் அதனைத் தம் பட்டறிவாலேயே பிரித்து உணர்ந்திருந்தனர் எனலாம்.

சமய நிலையிலும் இவ்வூர் பன்மைத் தன்மை உடையது. வைணவ, சைவ வழிபாட்டினரும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் பௌத்தரும் அருகருகே வாழ்ந்தனர். கத்தோலிக்கத் திருப்பலி 1962–65இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை இலத்தீனில் நிகழ்ந்தது. ஆகவே ஆலயத்தில் தமிழில் வேதம் வாசிக்கக் கேட்கும் வழக்கம் முதலில் சீர்திருத்தச் சபைகளில்தான் வேரூன்றியது. அவர்கள் கையில் இருந்தது 1871ஆம் ஆண்டின் தமிழ் விவிலியம்.

3. ‘ஜாதி’ என்னும் சொல்

‘ஜாதி’ வடமொழியில் பிறத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றியது. பிறப்பு, வகை, இனம் என்பன அதன் முதற்பொருள்கள். தமிழில் இச்சொல் தொல்காப்பிய மரபியலிலேயே காணப்படுகிறது. அங்கு ‘நீர்வாழ் சாதி’ என்பது நீரில் வாழும் உயிர்வகையைக் குறிக்கிறது; மனிதருள் உயர்வு தாழ்வைக் குறிக்கவில்லை. நல்ல வகையைச் ‘சாதி’ என்னும் அடைகொடுத்துச் சொல்லும் வழக்கும் பின்னர்த் தோன்றியது. சாதிமுத்து, சாதிக்குதிரை என்பன சான்றாகும். வகை என்னும் நடுநிலைப் பொருளோடு தரம் என்னும் மதிப்பீட்டுப் பொருளும் இணைவதை இங்குக் காணலாம். போர்ச்சுக்கீசியர் இச்சமுதாய அமைப்பைத் தம் மொழியில் ‘காஸ்தா’ என்றனர்; அவர்தம் மொழியில் அது குலவழியையும் விலங்கின வழியையும் குறிக்கும் சொல். ஆங்கிலத்தின் ‘காஸ்ட்’ அதிலிருந்து வந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு சொல் சென்றது. தமிழின் ‘பறையர்’ என்னும் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் ‘பறையா’ என நுழைந்து, ‘எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பொருள் பெற்றது. ஒரு மக்கட்பிரிவின் பெயர் உலக மொழிகளில் இழிவின் பெயராக ஆனமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. தங்கவயலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பேசும் அதிகாரியும், அச்சொல்லின் மூலத்துக்குரிய தொழிலாளியும் ஒரே சுரங்கத்தில் இறங்கினர்.

தமிழ் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1714–15இல் அச்சிட்டார். பின்னர் பப்ரிசியுசும் இரேனியுசும் தத்தம் காலத்தில் மொழிபெயர்ப்பைச் செப்பம் செய்தனர். பல சபைகள் இணைந்து ஹென்றி பவரின் தலைமையில் உருவாக்கிய திருப்புதல் 1871இல் நிறைவெய்தியது. கிரேக்கத்தில் மக்கட்கூட்டத்தைக் குறிக்கும் ‘எத்னோஸ்’ என்னும் சொல்லுக்கு இது பலவிடத்தும் ‘ஜாதி’யையே வழங்குகிறது. பேதுருவின் முதல் நிருபத்தில் இறைமக்கள் ‘பரிசுத்த ஜாதி’ எனப்படுகின்றனர். அவ்விடத்துத் தெலுங்கில் உள்ளது ‘பரிசுத்த ஜனமு’. பவுல் ஏதென்சில் ஆற்றிய உரையில் மனிதகுலம் முழுவதும் ‘மனுஷஜாதி’ எனப்படுகிறது. மனிதர் அனைவரும் ஒரே மூலத்தினின்று தோன்றியவர் என்பதே அவ்வுரையின் கருத்து.

ஆகவே 1871ஆம் ஆண்டின் தமிழில் ‘ஜாதி’ மூன்று நிலைகளில் இயங்குகிறது. மனிதகுலம் முழுவதும் ஒரு ஜாதி. நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு ஜாதி. ஊரில் சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் இடையே நிற்பதும் ஜாதி. மலையாளப் பழைய மொழிபெயர்ப்பும் இவ்வகையில் தமிழையே ஒத்துள்ளது. தெலுங்கும் கன்னடமும் ‘ஜன’ என்னும் சொல்லின் வழியே சென்றன.

அதே 1871இல் பிரித்தானிய அரசு இயற்றிய ஒரு சட்டத்தையும் இங்கு நினைவுகூரலாம். ஆங்கிலத்தில் ‘ட்ரைப்’ என்று அதில் வழங்கிய சொல் தமிழில் ‘பரம்பரை’ ஆயிற்று. ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ என அது அறியப்பட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. விவிலியத்தில் அதே ஆங்கிலச் சொல் நிற்கும் இடத்தில், இஸ்ரயேலின் பன்னிரு பிரிவுகளைக் குறிக்கத் தமிழ் ‘கோத்திரம்’ என்றது. ஒருபுறம் மதிப்புக்குரிய கோத்திரம். மறுபுறம் குற்றப் பரம்பரை. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் சொல், பொருளை மட்டுமன்றி மதிப்பையும் ஏந்திச் செல்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

4. தஞ்சை வழக்கு

தங்கவயலுக்கு வந்த கிறித்தவத் தொழிலாளர், தமிழ்ச் சபைகளில் ஏற்கெனவே அரைநூற்றாண்டாக நிகழ்ந்துவந்த ஒரு பூசலின் மரபுரிமையையும் உடன்கொண்டு வந்தனர். கிறித்தவருள் சாதி நிலைக்கலாமா என்பதே அப்பூசல். அது விவிலிய மொழிபெயர்ப்போடு பிணைந்திருந்தது என்பது பலர் அறியாதது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சீர்திருத்தச் சபைத் தமிழ்க் கவிஞருள் தலைசிறந்தவர். 1820களில் வந்த புதிய மிசனரிமாரை எதிர்த்து அவர் எழுதினார். அவர் எடுத்துரைத்த குறைகள் நான்கு: பழைய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினர், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தினர், விழாக்களில் மலர் அணி செய்தலைத் தடுத்தனர், தமிழ் இசையை விலக்கினர். நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார். சாதி என்பது உடை, உணவு, இசை போன்ற நாட்டு வழக்கே அன்றிச் சமயத்துக்கு மாறானது அன்று என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

இவ்வாதத்தின் வலிமையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வேற்று நாட்டார் தம் பழக்கத்தையே நற்செய்தி எனக் கொண்டு, தமிழரின் இசையையும் மலரையும் விலக்கியது அவர்களின் தப்பெண்ணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இசை ஒருவரைத் தாழ்த்துவதில்லை. மலர் ஒருவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. பண்பாட்டு வேறுபாட்டையும் படிநிலையையும் ஒரே தட்டில் வைத்ததே அவ்வாதத்தின் குறையாகும். மிசனரிமாரும் மறுதலையாக அதே பிழையைச் செய்தனர். படிநிலையை நீக்கப் புகுந்து பண்பாட்டையும் நீக்க முற்பட்டனர்.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சைப் பகுதியில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாதியைக் குடிமை வழக்காகக் கருதி இடந்தந்த லைப்சிக் லூத்தரன் மிசனும், அதனை மறுத்த பிற மிசன்களும் பின்னர் இரு அணியாயின. கத்தோலிக்கத்திலும் இந்நிலை இருந்தது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. சாதியினின்று விடுதலை நாடிச் சபையில் சேர்ந்த மக்கள், அங்கும் தமக்கெனத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டனர் என்பது தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் மறைக்க இயலாத பகுதியாகும்.

5. கொர்நேலியுவின் வாயில்

கிறித்தவ மறைநூலிலேயே இச்சிக்கலை நேர்முகமாக எடுத்துக்கொள்ளும் பகுதி அப்போஸ்தலர் பணி நூலின் பத்தாம் அதிகாரம். யூதராகிய பேதுரு, உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்கு அழைக்கப்படுகிறார். அதற்கு முன்பு, உண்ணத்தகாத விலங்குகளைக் காட்டி அவற்றை உண்ணுமாறு ஒரு காட்சி அவருக்குத் தோன்றுகிறது. அவர் மறுக்கிறார். வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின்பே அக்காட்சி உணவைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என அவர் அறிவிக்கிறார்.

கிரேக்க மூலம் இவ்விடத்தில் வழக்கமான ‘எத்னோஸ்’ என்னும் சொல்லை விடுத்து, ‘அல்லோஃபுலோஸ்’ என்னும் சொல்லை வழங்குகிறது. ‘வேறு குலத்தான்’ என்பது அதன் பொருள். பேசுபவர் தாம் வளர்ந்த வேலியை அதன் உள்ளிருந்தே பெயரிட்டுச் சொல்லும் சொல் அது. 1871ஆம் ஆண்டின் தமிழ் அதனை ‘அந்நிய ஜாதியான்’ என்கிறது. அதனுடன் ‘தீட்டு’, ‘போக்குவரவு’ ஆகிய சொற்களும் அவ்வதிகாரத்தில் வருகின்றன. ‘தீட்டு’ என மொழிபெயர்க்கப்பட்ட ‘கொய்னோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் நேர்பொருள் ‘பொதுவானது’ என்பதாகும். எல்லார்க்கும் பொதுவானதே தீட்டாகக் கருதப்பட்டது என்னும் முரண் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

இவ்வதிகாரத்தைத் தமிழில் கேட்பவர்க்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. வேற்றுச் சாதியான் வீட்டு வாயில், தீட்டு, உண்ணத்தகாத உணவு, போக்குவரவுத் தடை ஆகிய நான்கும் அவர் அறிந்த ஊரின் செய்திகள். பாலத்தீனத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி வடஆர்க்காட்டுத் தெருவில் நிகழ்வதாகவே ஒலிக்கிறது. மனமாற்றம் பெறுபவர் யார் என்பதும் கருதத்தக்கது. கொர்நேலியு மனமாற்றம் பெற்றான் என்று பொதுவாகக் கூறுவர். ஆயின் அவ்வதிகாரத்தில் முதலில் மாறுபவர் பேதுருவே. தீட்டு என ஒதுக்கியவர்தான் தம் எண்ணத்தை விட வேண்டியவராகிறார்; ஒதுக்கப்பட்டவர் அன்று.

தெலுங்கு மொழிபெயர்ப்பு இங்கு நுட்பமான ஒரு வழியைக் கைக்கொண்டுள்ளது. பிறவிடங்களில் பெரும்பாலும் ‘ஜன’ என்னும் சொல்லை ஆளும் அது, கொர்நேலியுவின் வாயிலில் ‘அன்யஜாதி’ என்கிறது. தொடுதலைக் குறிக்கும் சொல்லையும் உடன் சேர்க்கிறது. கிரேக்கம் சொல்லை மாற்றும் இடத்தில் தெலுங்கும் மாற்றுகிறது. விலக்கல் பேசப்படும் இடத்தில் விலக்கலின் சொல். மக்கள் பேசப்படும் இடத்தில் மக்களின் சொல். தமிழ் மொழிபெயர்ப்பிலோ இவ்விரண்டும் ‘ஜாதி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அதனால் பத்தாம் அதிகாரம் கூர்மை பெற்றது. ஆனால் பிற அதிகாரங்கள் கறைபட்டன. சகல ஜாதிகளும் இருக்கும் என்று கூறும் வாக்கியத்தை, சாதிகள் என்றும் இருக்கும் என ஒருவர் பொருள்கொள்ள இடம் ஏற்பட்டது.

6. ‘தமிழன்’ இதழும் தங்கவயல் பௌத்தரும்

சொல்லைப் பற்றிய இவ்விழிப்பு தங்கவயலில் கிறித்தவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கத்தின் கிளைகள் செயற்பட்டன. அவர் மறைவுக்குப் பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து நடத்தினார். அயோத்திதாசரின் நூல்கள் பல இங்கிருந்தே வெளியிடப்பெற்றன.

அயோத்திதாசரின் பணி பெரும்பாலும் சொல்லாராய்ச்சியாகவே அமைந்தது. தாழ்த்தும் பெயரை ஏற்க மறுத்து, ‘பூர்வ பௌத்தர்’, ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்னும் பெயர்களை அவர் முன்வைத்தார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. எனினும் ஒரு மக்கட்கூட்டத்துக்கு யார் பெயரிடுகிறார், எந்நோக்கத்தோடு இடுகிறார் என அவர் எழுப்பிய வினா இன்றைய சமூக மொழியியலின் வினாவேயாகும். அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டு, இழிவெனக் கருதப்பட்ட பெயரை எழுச்சிப் பெயராக்கினார். ஒருவர் பெயரை மாற்றினார். மற்றவர் பெயரின் மதிப்பை மாற்றினார். இரண்டும் ஒரே நோக்கின் இரு வழிகள்.

கிறித்தவ சபைகளில் சாதி புகுந்து நிலைத்ததை அயோத்திதாசர் கண்டித்தார். அக்கண்டனம் கிறித்தவ மறைநூலுக்குப் புறம்பானது அன்று. யாக்கோபு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரம் அதனையே கூறுகிறது. பொன்மோதிரம் அணிந்தவன் கூட்டத்துக்குள் வரும்போது நல்லிருக்கை தந்து, அழுக்குடை அணிந்தவனை நிற்கச் சொல்லும் சபையை அம்மடல் கடிந்துரைக்கிறது. பொன்னைத் தோண்டியவர்களே அழுக்குடையினராக நின்ற ஊரில் இப்பகுதி பெறும் பொருளாழம் வெளிப்படை.

அவ்விடத்துக் கிரேக்கச் சொல்லின் நேர்பொருள் ‘முகத்தை ஏற்றல்’ என்பதாகும். 1871ஆம் ஆண்டின் தமிழ் அதனைப் ‘பட்சபாதம்’ என்றது; ஒரு பக்கம் சாய்தல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டில் இக்கருத்துக்கு ‘முகதாட்சிணியம்’ என்னும் சொல் வருகிறது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், ‘ஆள் பார்த்தல்’ என்னும் மக்கள் வழக்கை ஆண்டுள்ளது. தப்பெண்ணம் என்பதைத் தமிழ் மக்கள் தம் வாயால் எவ்வாறு சொல்வார்களோ அவ்வாறே சொன்ன இவ்வாட்சி பாராட்டத்தக்கது.

7. ‘இனம்’ தீர்வாகுமா?

திருவிவிலியம் ‘ஜாதி’யைப் பெரும்பாலும் விலக்கிற்று. ‘புறஜாதியார்’ என்பது ‘பிற இனத்தார்’ ஆயிற்று. ‘ஜாதிகள்’ என்பது ‘மக்களினத்தார்’ ஆயிற்று. நடைமுறைத் தமிழில் ‘ஜாதி’ எய்திய பொருளை நோக்க, இம்மாற்றம் தேவையானதே. நற்செய்தியின் கட்டளையைச் சாதிப் பிரிவுக்குச் சான்றாகக் காட்டும் வாய்ப்பு இதனால் நீங்கியது.

ஆயினும் ‘இனம்’ என்னும் சொல்லும் கறையற்றது அன்று. திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்னும் அதிகாரத்தில் இனம் என்பது ஒருவன் தானே தேர்ந்து சேரும் கூட்டத்தைக் குறிக்கிறது. பிறப்பால் அமைவதைக் குறிப்பதன்று. இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தின் ‘ரேஸ்’ என்பதற்கு நிகராகிப் பிறப்புப் பொருளைப் பெற்றது. மொழிவழி அரசியலிலும் அது வலிமை பெற்ற சொல்லாயிற்று. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் கலந்து வாழும் தங்கவயலில் ‘பிற இனத்தார்’ என்னும் தொடர், சாதியை நினைவூட்டாமல் இருக்கலாம்; பக்கத்துத் தெருவின் மொழியை நினைவூட்டக்கூடும். வகையைக் குறித்த ‘சாதி’ தரத்தைக் குறித்ததாக மாறியது போலவே, கூட்டத்தைக் குறித்த ‘இனம்’ பிறப்பைக் குறித்ததாக மாறியுள்ளது. தப்பெண்ணம் சொல்லில் பிறப்பதில்லை. அது வாழ்க்கையில் பிறந்து சொல்லில் குடியேறுகிறது. ஆகவே ஒரு சொல்லை வெளியேற்றினால் அது அடுத்த சொல்லில் குடியேற முற்படும்.

மற்றோர் இழப்பும் நேரலாம். ‘ஜாதி’ என்னும் சொல் முற்றும் நீக்கப்பட்டால், கொர்நேலியுவின் வாயிலில் பேதுரு கடந்த வேலி எது என்பது தமிழ் வாசகர்க்கு மங்கிவிடும். பழைய மொழிபெயர்ப்பு தற்செயலாகவோ அறிந்தோ அளித்த கடிந்துரை மென்மையாகிவிடும். சாதி உள்ள சமுதாயத்தில் ‘சாதி’ என்னும் சொல் இல்லாத மறைநூல், அச்சமுதாயத்தைக் குறை கூறாத மறைநூலாகவும் வாசிக்கப்படலாம்.

8. முடிவுரை

மனித வேறுபாட்டைப் பற்றிய கிறித்தவ நோக்கில் இரண்டு கூறுகள் உள்ளன. மனிதர் அனைவரும் இறைச்சாயல் உடையோர் என்பது ஒன்று. அவர்தம் வேறுபாடு அழிக்கப்பட வேண்டியது அன்று என்பது மற்றொன்று. பாபேல் கோபுரக் கதையில் மொழிகள் பலவாயின. பெந்தகொஸ்தே நாளில் அவை மீண்டும் ஒரே மொழியாகிவிடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டனர். திருவெளிப்பாட்டு நூலின் இறுதிக் காட்சியிலும் குலங்களும் மொழிகளும் மறையவில்லை. ஒரே அரியணையின்முன் அவை நிகராக நிற்கின்றன. மறைவது வரிசை மட்டுமே. வேதநாயக சாஸ்திரியார் காக்க விழைந்த தமிழ் இசைக்கு அக்காட்சியில் இடமுண்டு. தனி இருக்கைக்கு இடமில்லை.

இக்கருத்தைத் தமிழில் கூறுவதற்கு ஒரே சொல் போதாது. வேறுபாட்டுக்கு ஒரு சொல்லும் விலக்கலுக்கு மற்றொரு சொல்லும் வேண்டும். தெலுங்கு மொழிபெயர்ப்பு காட்டும் வழி இவ்வகையில் கொள்ளத்தக்கது. உலக மக்களைக் கூறுமிடத்தில் ‘மக்கள்’ போன்ற நடுநிலைச் சொல்லையும், வேலியைக் கூறுமிடத்தில் ‘சாதி’, ‘தீட்டு’ என்னும் சொற்களையும் ஆள்வது மூலத்துக்கும் பொருந்தும், வாசகர்க்கும் உண்மையாகும். கசப்பான சொல் எங்கு நீங்க வேண்டும், எங்கு நிற்க வேண்டும் என்று தேர்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.

1956இல் நாட்டுடைமையான தங்கவயல் சுரங்கங்கள், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. பணிப் படிநிலையும் கைரேகைப் பதிவேடும் வரலாறாயின. தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று உழைக்கின்றனர். 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு இன்றும் தமிழ்ச் சபைகள் பலவற்றில் வாசிக்கப்பட்டு வருகிறது. அதில் ‘அந்நிய ஜாதி’ என்னும் தொடர் வரும் ஞாயிற்றுக்கிழமையில், வாயிலுக்கு வெளியே நின்றவர் யார், அதனைக் கடக்க வேண்டியிருந்தவர் யார் என்பதைத் தமிழ் கேட்போர் இன்றும் தெளிவாக அறிவர்.